தாத்தாவுக்கும் வவுச்சர் வேண்டும்

நான் தயாரித்த வம்சாவளியில் ஒரு பெண் 53 வயதில் குழந்தை பெற்றிருந்தாள். என் அப்பாவுக்கு அத்தை. ஒன்பது வருடம் அந்த வரி அப்படியே கிடந்தது. என் கண்ணிலும் படவில்லை, என்னிடம் நகல் வாங்கிப் போனவர்கள் கண்ணிலும் படவில்லை. இத்தனைக்கும் நான் 31 வருடம் கணக்குப் பிரிவில் குப்பை கொட்டியவள். இரண்டு பக்கமும் டேலி ஆகாமல் வீட்டுக்குக் கிளம்பத் தெரியாதவள்.

நடந்தது இதுதான். என் கொள்ளுத்தாத்தாவுக்கு முதலில் பிறந்த பெண் குழந்தை இரண்டு வயதில் இறந்துவிட்டது. அது பிறந்து 11 வருடம் கழித்துப் பிறந்த கடைசிப் பெண்ணுக்கும் அதே பெயரை வைத்திருக்கிறார்கள். எனக்குக் கிடைத்தது ஒரு பிறப்புப் பதிவும் ஒரு திருமண அழைப்பிதழும். பெயர் ஒன்று, அப்பா பெயரும் ஒன்று. ஒட்டிவிட்டேன். மூத்தவளின் பிறந்த தேதியும் இளையவளின் வாழ்க்கையும் சேர்ந்து ஒருத்தி ஆகிவிட்டாள்.

அப்புறம் நடந்தது இன்னும் மோசம். என் நகலைச் சித்தப்பா மகன் வாங்கித் தன் கணினியில் ஏற்றினான். அவனிடமிருந்து இன்னொருவர், அவரிடமிருந்து மற்றொருவர். சில வருடம் போனதும், எதற்கும் சரிபார்ப்போமே என்று அந்த மூன்று பேரின் தொகுப்பையும் வாங்கிப் பார்த்தேன். மூன்றிலும் அதே தேதி. மூன்று பேர் சொல்கிறார்களே, அப்போ சரியாகத்தான் இருக்கும் என்று பச்சை மையில் டிக் போட்டேன். என் தப்புக்கு நானே மூன்று முறை சாட்சி சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்பது அப்போது உறைக்கவில்லை.

குடும்ப வரலாற்றைத் தேடி எழுதப் போகிறவர்களுக்கு நான் சொல்வதெல்லாம் அந்த 53 வயதிலிருந்து கற்றுக்கொண்டதுதான்.

வவுச்சர் இல்லாமல் பேரேட்டில் ஏறாது

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே சொல்லிக்கொடுத்தார்கள்: வவுச்சர் இல்லாத செலவு செலவே இல்லை. யார் கொடுத்தது, யார் வாங்கியது, என்றைக்கு, எதற்காக, கையெழுத்து எங்கே. வம்சாவளிக்கும் அதே சட்டம்தான்.

இரண்டு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். கணினி என்றால் இரண்டு கோப்பு. ஒன்று பேரேடு. அதில் ஆளுக்கு ஒரு பக்கம்: பெயர், பிறப்பு, திருமணம், இறப்பு, பெற்றோர், பிள்ளைகள். இன்னொன்று வவுச்சர் நோட்டு. கையில் கிடைக்கும் ஒவ்வொரு ஆதாரத்துக்கும் அதில் வரிசையாக ஓர் எண். பேரேட்டில் எழுதும் ஒவ்வொரு தகவலுக்குப் பக்கத்திலும் அந்த எண்ணைக் குறிக்க வேண்டும். ஆளுக்கு ஓர் எண் போதாது. பிறந்த தேதி எந்தக் காகிதத்திலிருந்து, இறந்த வருடம் யார் வாயிலிருந்து என்று தகவலுக்குத் தகவல் தனித்தனியாக இருக்க வேண்டும். நான் இரண்டு பெண்களை ஒட்டியபோது இது இருந்திருந்தால், பிறப்பு ஓர் இடத்திலிருந்தும் மற்றதெல்லாம் வேறோர் இடத்திலிருந்தும் வந்திருப்பது ஒரே பார்வையில் தெரிந்திருக்கும்.

என் நோட்டிலிருந்து ஒரு வரி: “வ-47. அத்தை சொன்னது, 2014 ஜூன் 8, அவர் வீட்டில். தன் பெரியப்பா இறந்தபோது தனக்கு எட்டு வயது என்றும் பள்ளியிலிருந்து பாதியில் கூட்டி வந்தார்கள் என்றும் சொன்னார். வருடம் அவர் சொல்லவில்லை, நான் கணக்குப் போட்டது. ஒலிப்பதிவு உண்டு.” இதில் ‘நான் கணக்குப் போட்டது’ என்ற மூன்று சொல்தான் விலைமதிப்பானது. அது இல்லாவிட்டால் அடுத்த தலைமுறை அந்த வருடத்தை அத்தையே சொன்னதாக நம்பும். நானே இரண்டு வருடத்தில் அப்படி நம்பிவிடுவேன்.

காகிதத்திலிருந்து எடுத்து எழுதும்போது அதில் இருப்பதை அப்படியே எழுதுங்கள், பெயரில் எழுத்துப்பிழை இருந்தால் பிழையோடு. திருத்தம் சொல்ல வேண்டும் என்றால் தனி வரியில் ‘என் கருத்து’ என்று போட்டுச் சொல்லலாம். ஒரே பெயரை ஒரு பதிவாளர் ஒருவிதமாகவும் இன்னொருவர் வேறுவிதமாகவும் எழுதியிருப்பார். வேறு மொழி எழுத்துக்கு மாறும்போது கேட்கவே வேண்டாம். அந்த மாறுபாடே பின்னால் தேட உதவும் துப்பு. நாம் அழகாகத் திருத்திவிட்டால் துப்பும் போச்சு.

இந்தத் துறையில் தொழில்முறை ஆய்வாளர்களுக்கு ஓர் அளவுகோல் இருக்கிறது. அமெரிக்காவில் 1964-இல் தொடங்கிய வம்சாவளி ஆய்வாளர் சான்றளிப்பு வாரியம் வகுத்தது. நியாயமாகத் தேடக்கூடிய இடமெல்லாம் தேடியிருக்க வேண்டும். ஒவ்வொரு தகவலுக்கும் முழுமையான ஆதாரக் குறிப்பு வேண்டும். ஆதாரங்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டிருக்க வேண்டும். முரண்பாடு இருந்தால் தீர்த்திருக்க வேண்டும். முடிவைக் காரணத்தோடு எழுதி வைக்க வேண்டும். ஆக ஐந்து. இதை வைத்து என் முதல் பத்து வருட வேலைக்கு மதிப்பெண் போட்டால் ஒன்றரை தேறும்.

உங்களிடமிருந்து தொடங்குங்கள்

எங்கிருந்து தொடங்குவது என்று பலர் கேட்கிறார்கள். உங்கள் பிறப்புச் சான்றிதழிலிருந்து. அதிலிருந்து பெற்றோர், அவர்களிடமிருந்து அவர்களுடைய பெற்றோர். ஒரு படி உறுதியான பிறகுதான் அடுத்த படி. வரலாற்றில் எங்கோ இருக்கும் ஒரு பெரிய மனிதரைப் பிடித்துக்கொண்டு அங்கிருந்து தன் வீட்டுக்கு வழி தேடுபவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். எல்லோரும் எப்படியோ வந்து சேர்ந்துவிடுகிறார்கள். அதுதான் சந்தேகமே.

பின்னோக்கிப் போகப்போக ஆட்கள் இரண்டு மடங்காகப் பெருகுவார்கள். பெற்றோர் 2, தாத்தா பாட்டிகள் 4, அவர்களுடைய பெற்றோர் 8. பத்தாவது படியில் 1,024 இடங்கள். இடங்கள் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. உறவுக்குள் திருமணம் நடந்திருந்தால் ஒரே ஆள் இரண்டு மூன்று இடங்களில் உட்கார்ந்திருப்பார். அது பிழையாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் அப்படி வந்தால் நின்று ஒருமுறை சரிபாருங்கள்.

முதலில் வீட்டையே சோதனை போடுங்கள். சான்றிதழ், பத்திரம், பழைய கடவுச்சீட்டு, பள்ளி மதிப்பெண் அட்டை, கடித உறை மேல் உள்ள தபால் முத்திரை, புத்தகத்தின் முதல் பக்கத்தில் ‘அன்புடன்’ என்று எழுதிக் கொடுத்த தேதி, புகைப்படத்தின் பின்பக்கம். பரணில் இருந்த ஒரு தகரப் பெட்டி எனக்கு 62 வவுச்சர் கொடுத்தது. அதில் பாதி, யாரும் படிக்காத ரசீதுகள். ரசீதில் முகவரியும் தேதியும் இருக்கும். அன்றைக்கு அந்த ஆள் அங்கே இருந்தார் என்று தெரியும். வேறென்ன வேண்டும்?

பெரியவர்களிடம் கேட்பது

காகிதம் காத்திருக்கும், ஆட்கள் காத்திருக்க மாட்டார்கள். ஆகவே குடும்பத்தில் எல்லோரிலும் மூத்தவரிடம் இந்த மாதமே போங்கள்.

ஒலிப்பதிவு செய்யலாமா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். ஒப்புக்கொண்டால் தொலைபேசியைப் பக்கத்தில் வைத்து, மின்விசிறியை நிறுத்தி, இன்று என்ன தேதி, யார் வீடு, யார் யார் இருக்கிறோம் என்று நீங்களே சொல்லித் தொடங்குங்கள். ஒரு மணி நேரம் போதும். அதற்கு மேல் அவர்களும் களைத்துவிடுவார்கள், நமக்கும் காதில் ஏறாது. அன்று இரவே சுருக்கம் எழுதிவிட வேண்டும். நாளைக்கு எழுதிக்கொள்ளலாம் என்று நான் விட்ட மூன்று பேட்டிகள் இன்னும் எழுதப்படவில்லை.

‘அவர் எந்த வருடம் பிறந்தார்?’ என்று கேட்டால் ‘அதெல்லாம் யாருக்குத் தெரியும்’ என்றுதான் பதில் வரும். வருடத்தை விட்டுவிட்டு நிகழ்ச்சியைப் பிடியுங்கள். அவர் இறந்தபோது நீங்கள் எந்த வகுப்பு? தம்பி பிறந்திருந்தானா? இந்த வீட்டில் இருந்தீர்களா, பழைய வீட்டிலா? ஒரு புகைப்படத்தைக் கையில் கொடுத்துவிட்டுச் சும்மா இருங்கள். படத்தில் இருப்பவர்களைவிட, படத்தில் ஏன் இன்னார் இல்லை என்ற கதைதான் முதலில் வரும்.

இரண்டு பெரியவர்கள் இருந்தால் முதலில் தனித்தனியாகக் கேளுங்கள். சேர்ந்து உட்கார்ந்தால் குரல் பெரிதாக இருப்பவரின் ஞாபகம்தான் இரண்டு பேருடைய ஞாபகமும் ஆகும். தனியாகக் கேட்டு முடித்த பிறகு ஒருநாள் சேர்த்து உட்கார வையுங்கள். சண்டை வரும். அந்தச் சண்டையில்தான் நல்ல தகவல் விழும்.

இனி நான் மிகவும் மதிக்கும் ஒரு சின்ன விஷயம். நம் மொழியில் ‘போனார்’ என்றால் ஒன்று, ‘போனாராம்’ என்றால் வேறு. முதலாவதைச் சொல்பவருக்கு நேரில் தெரியும். இரண்டாவது அவர் காதில் விழுந்தது. வேறு மொழிக்காரர்கள் ‘இது நீங்கள் பார்த்ததா, கேட்டதா?’ என்று தனியாகக் கேட்க வேண்டியதை நம் பாட்டிகள் வினைச்சொல்லின் வாலிலேயே வைத்துக் கொடுத்துவிடுகிறார்கள். எழுதும்போது அந்த ‘ஆம்’ஐ மட்டும் தொலைத்துவிடாதீர்கள். என் பழைய குறிப்புகளில் எல்லா ‘ஆம்’களையும் நல்ல தமிழில் எழுதுகிறேன் பேர்வழி என்று வெட்டி வைத்திருக்கிறேன். எது கண்ணால் கண்டது, எது செவிவழி என்று இப்போது எனக்கே தெரியவில்லை.

உறவுப் பெயர்கள் இதற்கு நேரெதிர். அவை நம்மைக் கவிழ்த்துவிடும். ‘மாமா’ என்றால் அம்மாவின் தம்பியா, அத்தையின் கணவரா, கணவரின் அப்பாவா? ‘சித்தி’ என்றால் அம்மாவின் தங்கையா, சித்தப்பாவின் மனைவியா? ‘தாத்தா’ எந்தப் பக்கத்துத் தாத்தா? பேசுபவருக்கு ‘அண்ணன்’ என்பது கூடப் பிறந்தவராகவும் இருக்கலாம், பெரியப்பா மகனாகவும் இருக்கலாம். பேரேட்டில் ‘அம்மாவின் தம்பி’, ‘அப்பாவின் அக்காவின் கணவர்’ என்று சங்கிலியாக எழுதுங்கள். நீளமாகத்தான் இருக்கும், பரவாயில்லை.

காகிதம் பொய் சொல்லாது என்று யார் சொன்னது?

ஒரு சான்றிதழை எடுத்ததும் மூன்று கேள்வி கேட்பேன். எழுதியது யார்? அவருக்குச் சொன்னது யார்? சொன்னவருக்கு எப்படித் தெரியும்? இறப்புச் சான்றிதழை எடுத்துக்கொள்ளுங்கள். இறந்த தேதிக்கு அது நல்ல ஆதாரம்; அப்போது நடந்ததை அப்போதே பதிந்தது. அதே தாளில் உள்ள வயதுக்கோ பெற்றோர் பெயருக்கோ அது வெறும் செவிவழி. தகவல் தந்தவர் மகனோ மருமகனோ பக்கத்து வீட்டுக்காரரோ, அந்த நாளின் குழப்பத்தில் வாய்க்கு வந்ததைச் சொல்லியிருப்பார். என் அம்மாவின் அப்பா 90 வயதில் இறந்ததாகச் சான்றிதழ் சொல்கிறது. அவருடைய பள்ளிப் பதிவை வைத்துக் கணக்குப் போட்டால் 84. தகவல் தந்த இடத்தில் பெரியப்பாவின் கையெழுத்து. ‘ஒரு தொண்ணூறு இருக்கும்’ என்று சொல்லியிருப்பார். எழுதியவர் ‘ஒரு’வையும் ‘இருக்கும்’ஐயும் விட்டுவிட்டார்.

வயதைத் தோராயமாக்கிச் சொல்வது பெரியப்பாவின் பழக்கம் மட்டும் அல்ல. வயதை யாரும் துல்லியமாக எண்ணாத காலத்து மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளில் 0-இலும் 5-இலும் முடியும் வயதுகள் குவிந்து கிடக்கும். ஆகவே 40, 45, 50 என்று வயது கண்டால் ஐந்து வருடம் முன்னும் பின்னும் இடம் விட்டுத் தேடுங்கள். பிறந்த நாளும் பதிவு செய்த நாளும் ஒன்றல்ல என்பதையும் மறக்க வேண்டாம்.

தேதி என்றதும் நாள்காட்டி. 1582-இல், இன்று நாம் பயன்படுத்தும் கிரெகோரியன் நாள்காட்டி வந்தபோது, அதை உடனே ஏற்ற நாடுகளில் அக்டோபர் 4-க்கு மறுநாள் அக்டோபர் 15. பிரிட்டனும் அதன் காலனிகளும் 1752 வரை மாறவில்லை. அந்த வருடம் செப்டம்பர் 2-க்கு மறுநாள் 14. ரஷ்யா 1918-இல்தான் மாறியது. போதாக்குறைக்கு, இங்கிலாந்தில் 1752-க்கு முன் வருடம் மார்ச் 25-இல் பிறந்தது. ஜார்ஜ் வாஷிங்டன் பிறந்தது பழைய கணக்கில் 1731 பிப்ரவரி 11, புதிய கணக்கில் 1732 பிப்ரவரி 22. ஒரே குழந்தை, ஒரே நாள். பழைய பதிவுகளில் இப்படி இரண்டு தேதி கண்டால் இரண்டு ஆள் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். பழைய தேதியை அப்படியே எழுதி, மாற்றியதைப் பக்கத்தில் குறியுங்கள். நீங்கள் எழுதும் தேதியில் மாதத்தை எழுத்தில் எழுதுங்கள். 03/04/1952 என்பது சிலருக்கு ஏப்ரல் 3, சிலருக்கு மார்ச் 4.

குடும்பக் கதைகளையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும். அமெரிக்காவுக்குக் குடியேறிய குடும்பங்களில் ஒரு கதை வழிவழியாக வரும்: நியூயார்க் துறைமுகத்து எல்லிஸ் தீவில் குடியேற்ற அதிகாரி எங்கள் பெயரையே மாற்றிவிட்டார் என்று. அங்கே இருந்த குடியேற்ற நிலையம் 1892 முதல் 1954 வரை இயங்கியது. அதிகாரிகள் அங்கே புதிதாகப் பெயர் எழுதவில்லை. கப்பல் கம்பெனி புறப்பட்ட துறைமுகத்திலேயே தயாரித்த பயணியர் பட்டியலை வைத்துத்தான் சரிபார்த்தார்கள். பெயர் மாறியது உண்மையாக இருக்கும். பெரும்பாலும் குடியேறியவர்களே பிற்பாடு மாற்றிக்கொண்டார்கள். கதையைத் தூக்கி எறிய வேண்டாம். அதற்கும் ஒரு வவுச்சர் எண் கொடுத்து, ‘குடும்பத்தில் சொல்வது’ என்று எழுதி வையுங்கள். உமிக்குள் அரிசி இருக்கலாம்.

பதிவு கிடைக்கவில்லை என்பதும் ஒரு தகவல்தான், ஆனால் அவசரப்பட்டு அர்த்தம் சொல்லக் கூடாது. 1922 ஜூன் 30 அன்று டப்ளினில் அயர்லாந்தின் பொதுப் பதிவேட்டு அலுவலகம் எரிந்தது; பல நூற்றாண்டுப் பதிவேடுகள் போயின. அமெரிக்காவின் 1890 கணக்கெடுப்பு ஏடுகளில் பெரும்பகுதியை 1921 ஜனவரி தீ விபத்துக்குப் பின் இழந்தார்கள். அங்கே உங்கள் ஆள் இல்லை என்றால் அவர் இல்லாமல் இருந்தார் என்று பொருளல்ல, ஏடு இல்லை. எந்தப் பதிவேட்டில், எந்த வருடத்திலிருந்து எந்த வருடம் வரை, எந்தெந்த எழுத்துக்கூட்டலில் தேடினேன், கிடைக்கவில்லை என்பதைத் தேதியோடு குறித்து வையுங்கள். ஒரே பதிவேட்டை நான் மூன்று முறை முதலிலிருந்து புரட்டியிருக்கிறேன், குறித்து வைக்காததால்.

ஆளுக்கு ஓர் எண்

முன்னோருக்கு எண் கொடுக்க ஓர் அருமையான முறை இருக்கிறது. நீங்கள் 1. யாருடைய எண்ணையும் இரண்டால் பெருக்கினால் அவருடைய அப்பா; அதோடு ஒன்று கூட்டினால் அம்மா. அப்பா 2, அம்மா 3, அப்பாவின் அப்பா 4, அப்பாவின் அம்மா 5, இப்படியே. 13 யார்? ஒற்றைப்படை, ஆகவே பெண். ஒன்று கழித்தால் 12, அதில் பாதி 6, அவளுடைய பிள்ளை. 6-இன் பாதி 3, என் அம்மா. ஆக, அம்மாவின் அப்பாவின் அம்மா. ‘எந்தப் பக்கத்துப் பாட்டி?’ என்ற கேள்வியே எழாது.

மிஷாயெல் ஐட்சிங்கர் என்பவர் 1590-இல் இதை அச்சில் கொண்டுவந்தார். 1676-இல் ஜெரோனிமோ டி சோசா எடுத்தாண்டார். 1898-இல் ஸ்டெஃபான் கெக்கூலே ஃபான் ஸ்ட்ராடோனிட்ஸ் பரப்பினார். இந்தக் கடைசி ஆள், பென்சீனின் வளைய அமைப்பைச் சொன்ன வேதியியலாளர் கெக்கூலேயின் மகன். அப்பா கரிமங்களை இணைத்தார், பிள்ளை தாத்தாக்களை இணைத்தார்.

இந்த எண் நேர் முன்னோருக்கு மட்டும்தான். தாத்தாவின் உடன்பிறந்தவர்களுக்கு, அவர்கள் அப்பாவான கொள்ளுத்தாத்தாவின் எண் 8-இன் கீழ் 8.1, 8.2 என்று பிறந்த வரிசையில் கொடுக்கிறேன். அதில் ஒரு சிக்கல். மறந்துபோன ஒரு குழந்தை நடுவில் வந்து நின்றால் பின்னால் உள்ளவர்கள் எல்லோருடைய எண்ணும் நகரும். அதனால் வரிசை எண்ணைத் தவிர, ஒருபோதும் மாறாத ஓர் ஆள் எண்ணும் வையுங்கள். புகைப்படத்திலும் கோப்பிலும் அந்த மாறாத எண்ணைத்தான் எழுத வேண்டும்.

ஒரே பெயர் திரும்பத் திரும்ப வரும் குடும்பங்களில் இது உயிர் காக்கும். ‘பேரன்’ என்ற சொல்லே ‘பெயரன்’தானே; தாத்தாவின் பெயரைத் தாங்கியவன். எங்கள் குடும்பத்தில் ஒரே பெயரில் ஐந்து ஆண்கள். எண் இல்லாமல் அவர்களைப் பற்றிப் பேசவே முடியாது.

சஸ்பென்ஸ் கணக்கு

பணம் வந்திருக்கும், எதற்கு வந்தது என்று தெரியாது. கணக்கில் அதைத் தூக்கி எறியவும் முடியாது, தோன்றிய தலைப்பில் போடவும் முடியாது. சஸ்பென்ஸ் கணக்கில் நிறுத்தி வைப்போம். வம்சாவளிக்கும் அப்படி ஒரு பக்கம் கட்டாயம் வேண்டும். யார் என்று தெரியாத புகைப்படம், எந்த ஆளோடும் பொருந்தாத தேதி, ‘அவங்களும் நமக்கு ஏதோ சொந்தம்’ எல்லாம் அங்கே. இந்தப் பக்கம் இல்லாதவர்கள்தான் பொருந்தாததைப் பொருத்திவிடுகிறார்கள். நான் செய்ததும் அதுதான்.

பேரேட்டுக்குள் வந்ததற்கும் உறுதியில் தரம் உண்டு. நான் மூன்று சொல் வைத்திருக்கிறேன்: உறுதி, அநேகமாக, இருக்கலாம். ஒன்றையொன்று பார்த்து எழுதாத இரண்டு ஆதாரம் ஒத்துப்போனால்தான் ‘உறுதி’. ஒன்றையொன்று பார்த்து எழுதாத என்பதை மறக்காதீர்கள். ஒரே வாயிலிருந்து வந்த நான்கு காகிதம் ஒரு காகிதம்தான்.

வருடத்துக்கு ஒருமுறை தணிக்கை. பெற்றோர் திருமணத்துக்கும் பிள்ளை பிறப்புக்கும் இடைவெளி என்ன, தாய்க்கு ஒவ்வொரு பேற்றின் போதும் என்ன வயது, இரண்டு பிரசவங்களுக்கு நடுவே எத்தனை மாதம், தகப்பன் இறந்து ஒன்பது மாதத்துக்கு மேல் கழித்துப் பிள்ளை பிறந்திருக்கிறதா, இறந்த பிறகு யாராவது பத்திரத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்களா. ஒரு தலைமுறைக்கு 25 முதல் 30 வருடம் என்ற கணக்கில் பெரிதாக எங்கே இடிக்கிறது என்றும் பாருங்கள். இந்தத் தணிக்கையை முதல் வருடமே செய்திருந்தால் 53 வயது அன்றே மாட்டியிருக்கும்.

மரபணுச் சோதனை பற்றிச் சுருக்கமாக

அது ஓர் ஆதாரம், தீர்ப்பு அல்ல. பெரியப்பா பிள்ளைகளோடு நமக்கு மரபணுவில் சராசரியாக 12.5 விழுக்காடு பொதுவாக இருக்கும். தாத்தாக்கள் உடன்பிறந்தவர்கள் என்றால் 3 விழுக்காட்டுக்குச் சற்று மேல். கொள்ளுத்தாத்தாக்கள் உடன்பிறந்தவர்கள் என்றால் பத்தில் ஒரு ஜோடிக்குச் சோதனையில் பொதுவாக எதுவுமே தென்படாமல் போகலாம். உறவு இல்லை என்று அதற்கு அர்த்தமில்லை. ஒய் குரோமோசோம் அப்பாவிடமிருந்து மகனுக்கு மட்டும் போகும். மைட்டோகாண்ட்ரியா மரபணு அம்மாவிடமிருந்து எல்லாப் பிள்ளைகளுக்கும் போகும். மாதிரி உங்களுடையதாக இருந்தாலும் அதில் உங்கள் உறவினர்களின் தகவலும் இருக்கிறது. கலிபோர்னியாவில் பல வருடமாகச் சிக்காத ஒரு கொலையாளியை 2018-இல் பிடித்தது, தூரத்து உறவினர்கள் ஒரு வம்சாவளித் தளத்தில் ஏற்றியிருந்த மரபணுத் தகவலை வைத்துத்தான். எதிர்பாராத அப்பா வெளியே வரும் வாய்ப்பும் உண்டு. வீட்டில் பேசிவிட்டுச் செய்யுங்கள்.

கணினி, காகிதம், பென்சில்

எந்த மென்பொருளும் சரி, ஜெட்காம் வடிவில் வெளியே எடுக்க முடிந்தால். 1984-இல் லேட்டர்-டே செயிண்ட்ஸ் (மார்மன்) திருச்சபை உருவாக்கிய அந்த வடிவம்தான் இன்றும் எல்லா வம்சாவளி மென்பொருளுக்கும் பொது மொழி. தமிழில் எழுதுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: கோப்பு, எல்லா மொழி எழுத்தையும் தாங்கும் யூடிஎஃப்-8 குறியீட்டில் இருக்க வேண்டும். 2021-இல் வந்த 7.0 பதிப்பில் அது கட்டாயம். நான் ஒருமுறை பழைய மென்பொருளிலிருந்து எடுத்தபோது என் வம்சம் முழுக்கக் கேள்விக்குறியாக வந்து நின்றது. அதே திருச்சபை நடத்தும் ஃபேமிலிசர்ச் என்ற வம்சாவளித் தளம் இலவசம். 1938 முதல் அவர்கள் எடுத்த நுண்படச் சுருள்கள் சுமார் 24 லட்சம். அவற்றை மின்வடிவமாக்கும் வேலை 2021-இல் முடிந்தது. அங்கே உள்ள பதிவேட்டுப் படங்கள் பொக்கிஷம். அங்கே எல்லோரும் சேர்ந்து எழுதும் வம்ச மரம் யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடியது, ஆகவே அது துப்பு மட்டும்.

காகிதங்களை 300 டிபிஐ-யிலும் சிறிய புகைப்படங்களை 600-இலும் ஸ்கேன் செய்யுங்கள். பின்பக்கத்தையும். நகல் மூன்று, இரண்டு வகை ஊடகத்தில், ஒன்று வேறு வீட்டில். அசல் காகிதத்தை லேமினேட் செய்யாதீர்கள். பிறகு பிரிக்கவே முடியாது. செல்லோடேப் மஞ்சளாகிக் காகிதத்தைத் தின்னும். குண்டூசி துருப்பிடிக்கும். பசைப் பக்கம் உள்ள ஆல்பத்திலிருந்து படங்களை மெதுவாக விடுவித்துவிடுங்கள். புகைப்படத்தின் பின்னால் எழுத வேண்டும் என்றால் மென்மையான பென்சிலால், ஓரத்தில், அழுத்தாமல். பால்பாயின்ட் பேனா முன்பக்கத்து முகத்தில் தெரியும். என் சித்தியின் நெற்றியில் இன்னும் ‘1968’ என்று இருக்கிறது.

உயிரோடு இருப்பவர்களின் தேதியையும் முகவரியையும் பொதுவில் போடாதீர்கள். வங்கிகள் ‘அம்மாவின் பிறந்த குடும்பப் பெயர் என்ன?’ என்று கேட்பதும் நாம் அதை வம்சாவளியில் பெருமையாகப் போடுவதும் சேர்ந்தால் திருடனுக்குத்தான் வசதி. தத்து, இரண்டாம் திருமணம், சொல்லாமல் போன மகன் என்று வரும்போது எல்லாவற்றையும் எழுதி வைப்பேன், எல்லாவற்றையும் காட்ட மாட்டேன். அதற்கென்று ஓர் உறை இருக்கிறது. யார் எப்போது பிரிக்கலாம் என்று மேலே எழுதியிருக்கிறது.

53 வயது கணக்கு மாட்டிய மறுநாள் அத்தையிடம் போனேன். ஏற்கெனவே நான்கு முறை பேட்டி எடுத்தவரிடம்தான். விஷயத்தைச் சொன்னதும் சிரித்தார். “அது இல்லடி, அதுக்கு முன்னாடி ஒண்ணு இருந்துச்சாம். ரெண்டு வயசுல போயிடுச்சாம். பேரு வீணாப் போக வேண்டாம்னு பாட்டி இதுக்கு வெச்சாங்களாம்.” இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். “நீ எத்தனை பேரு இருந்தாங்கன்னுதானே கேட்டே? எத்தனை பேரு பொறந்தாங்கன்னு கேட்டியா?”

அப்புறம் பிறப்புப் பதிவேட்டில் அடுத்தடுத்த வருடங்களைத் தேடினால், 11 வருடம் தள்ளி அதே பெயரில் இன்னொரு பதிவு இருந்தது. பழைய வரியை நான் அழிக்கவில்லை. கணக்கில் அழிப்பான் கிடையாது. ஒற்றைக் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதி, சுருக்கொப்பமும் தேதியும் போட்டேன். கடைசிப் பெண்ணுக்கு அவளுடைய சொந்தப் பிறந்த தேதி கிடைத்தது, கடைசிப் பேற்றில் அவளுக்கு வயது 42. மூத்தவளுக்கு ஒரு புதிய பக்கம் திறந்தேன். பிறப்பு: உறுதி. இறப்பு: அநேகமாக, செவிவழி, மூன்று ‘ஆம்’கள். அந்தப் பக்கத்தில் வேறொன்றும் இல்லை.

நகல் வைத்திருந்த மூன்று பேருக்கும் திருத்தம் அனுப்பினேன். இரண்டு பேர் மாற்றிவிட்டார்கள். மூன்றாமவருக்கு வருடத்துக்கு ஒரு கடிதம் போடுகிறேன். அவர் கணக்கில் அப்பாவின் அத்தை இன்னும் 53 வயதில்தான் பிள்ளை பெற்றுக்கொண்டிருக்கிறாள்.